ஆறு வயதுப் பல்லும் நமது அமானிதமும்





இன்று உங்களோடு பற்களைப் பற்றிப் பேச விரும்புகின்றேன். மார்க்க உரையில் பல்லுக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். தமது உம்மத்தினருக்குச் சிரமமாகிவிடும் என்ற இரக்கம் இல்லாதிருந்தால், ஒவ்வொரு தொழுகையின் போதும் பல் துலக்குவதை நபி (ஸல்) அவர்கள் கட்டளையாகவே ஆக்கியிருப்பார்கள் என்ற கருத்துப்பட ஸஹீஹான ஹதீஸ் உண்டு. எனவே இடம் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் மிஸ்வாக்கின் சிறப்பை மட்டும் கூறி விடைபெறுவது எனது நோக்கமன்று. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, மடுல்சீமை வரையிலும், மறுபுறம் ஹாலி-எல, பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடை வரையிலும் வாழும் பிள்ளைகளின் வாயில் இன்று என்ன நடக்கிறது, அதனைத் தடுப்பதற்கு விஞ்ஞானம் எவற்றை நமது கையில் தந்திருக்கிறது என்பதே இன்றைய பொருள்.

ஒரு தாய் தமது ஏழு வயது மகனை அழைத்து வந்திருந்தார். பிள்ளையின் கன்னம் வீங்கியிருந்தது. கராம்பு எண்ணெய் வைத்துப் பார்த்தும் குணமில்லை. "மௌலவி, இது விழுற பல்லுத்தானே, இதுக்கு ஏன் டொக்டர்கிட்ட போகணும்?" என்று கேட்டார். அவர் சுட்டிக்காட்டிய பல் விழுகின்ற பல் அன்று. பாற்பற்கள் எதுவும் விழாமலேயே, அவற்றுக்கெல்லாம் பின்னால், ஏறத்தாழ ஆறு வயதில் ஓசையின்றி முளைக்கின்ற முதலாவது நிரந்தரக் கடைவாய்ப் பல் அது. மேலே இரண்டு, கீழே இரண்டாக நான்கு பற்கள். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் பெற்றோர் அதனைப் புதிய பல்லாக எண்ணுவதில்லை. அதுவும் பாற்பல்தான் என்று விட்டுவிடுகின்றனர். அதன் மேற்பரப்பில் ஆழமான வெடிப்புகள் உண்டு. தூரிகையின் நார் அவற்றின் அடிவரை செல்வதில்லை. சூத்தை முதலில் பற்றிக்கொள்வது பெரும்பாலும் அதனையே. பத்து வயதுக்குள் அதனைப் பிடுங்கிவிட்டால் அந்தப் பிள்ளை எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அந்தப் பல் இன்றியே மெல்ல வேண்டும். 2015, 2016ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட தேசிய வாய்ச் சுகாதார ஆய்வு, நமது நாட்டில் ஐந்து வயதுப் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பற்சிதைவு இருப்பதாகக் காட்டியது. அதே வாயில்தான் அடுத்த ஆண்டு இந்தப் புதிய பல்லும் முளைக்கிறது.

சூத்தை எவ்வாறு உண்டாகிறது? பல்லைப் புழு அரிக்கிறது என்று நமது மூத்தம்மாமார் சொல்வார்கள். புழு எதுவும் இல்லை. பல்லின் மேலோடாகிய எனாமல், நமது உடலிலேயே மிகக் கடினமான பொருளாகும். அதன் நிறையில் ஏறத்தாழ 96 வீதம் கனியம். கல்சியமும் பொஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ரொக்ஸி அபடைட் என்னும் பளிங்குகள். வாயிலுள்ள பக்டீரியாக்கள் சீனியை உண்டு அமிலத்தை வெளிவிடுகின்றன. அமிலத்தின் அளவு 5.5 என்னும் பீஎச் எல்லையைத் தாண்டிக் கீழிறங்கினால் எனாமலிலிருந்து கல்சியமும் பொஸ்பேட்டும் கரைந்து வெளியேறும். சற்று நேரத்தில் உமிழ்நீர் அந்த அமிலத்தை நீர்த்துப்போகச் செய்து, தன்னிடமுள்ள கல்சியத்தையும் பொஸ்பேட்டையும் பல்லுக்குத் திருப்பிக் கொடுக்கும். கடை வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நாள் முழுவதும் பற்றும் வரவும் நடக்கிறது. மாலையில் கணக்குச் சமப்பட்டால் பல்லுக்கு ஆபத்தில்லை. பற்று மட்டும் நாள்தோறும் மிகுந்துகொண்டே போனால், முதலில் சுண்ணாம்பு தடவியது போன்ற ஒரு வெண்புள்ளி தோன்றும். அந்த நிலையில் பல்லில் குழி இல்லை. இழந்த கனியத்தைத் திருப்பிக் கொடுத்து அதனைக் குணப்படுத்தலாம். குழி விழுந்த பின்னர் எந்தப் பசையும் அதனை நிரப்பாது. இந்த வேறுபாட்டை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில் விளம்பரங்கள் இதனைத் தெளிவாகச் சொல்வதில்லை.

நமது மலைநாட்டோடு தொடர்புடைய ஓர் ஆய்வு உலகெங்கும் பல் வைத்திய மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. 1970ஆம் ஆண்டு நோர்வே நாட்டுப் பேராசிரியர் ஹரால்ட் லோ என்பவரும் அவருடைய குழுவினரும் இலங்கையின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில் 480 ஆண்களின் வாயைப் பரிசோதித்து, 1985ஆம் ஆண்டு வரை பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அந்தத் தொழிலாளர்களுக்குப் பல் வைத்தியம் எதுவும் கிடைத்திருக்கவில்லை. தூரிகையும் பசையும் அவர்களிடம் புழக்கத்தில் இல்லை. பற்களில் காரையும் கறையும் மண்டியிருந்தன; ஏறத்தாழ எல்லோருடைய முரசும் அழற்சியுற்றிருந்தது. நூற்றுக்கு எட்டுப் பேருக்கு முரசு நோய் மிக விரைவாக முற்றிப் பற்கள் விழுந்தன. 81 பேருக்கு மிதமாக முற்றியது. 11 பேருக்கு அவ்வாறு முற்றவில்லை. 1986இல் வெளியான இந்த ஆய்வில் வியப்புக்குரிய செய்தி வேறொன்று. அந்த மக்களிடம் சூத்தை அநேகமாக இல்லவே இல்லை!

பல் துலக்காதவர்களுக்குச் சூத்தை இல்லை என்றால் பல் துலக்கத் தேவையில்லை என்று பொருளாகாது. அவர்கள் இழந்த பற்களை முரசு நோயினாலேயே இழந்தார்கள். ஆனால் அழுக்கு மட்டும் இருந்தால் சூத்தை வந்துவிடாது, அதற்குச் சீனி வேண்டும் என்பது இதிலிருந்து தெளிவாகிறது. அன்றைய தோட்டத் தொழிலாளியின் உணவு ரொட்டியும் சோறும் சம்பலும்தான். இன்று அதே லயத்தின் வாசலில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். டொபித் தாள், கிறீம் பிஸ்கட் உறை, இனிப்புப் பான போத்தல்.

சீனியின் அளவைக் காட்டிலும் அது எத்தனை தடவை வாய்க்குள் செல்கிறது என்பதே முக்கியமானது. இந்த உண்மையை உலகம் அறிந்துகொண்ட விதம் வெட்கத்துக்குரியது. சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் விபேஹோல்ம் என்னும் மருத்துவமனையில் மனவளர்ச்சி குன்றியவர்கள் பராமரிக்கப்பட்டு வந்தனர். 1945ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வின் பகுதியாக, அவர்களில் ஒரு பிரிவினருக்குப் பல்லில் ஒட்டிக்கொள்ளும் டொபிகளைச் சாப்பாட்டு வேளைகளுக்கு இடையில் வேண்டுமென்றே கொடுத்து, அவர்களுடைய பற்கள் சூத்தையாவதைக் கணக்கெடுத்தார்கள். சம்மதம் தெரிவிக்கும் ஆற்றலற்ற மனிதர்கள் அவர்கள். 1954இல் முடிவுகள் வெளியாயின. சாப்பாட்டோடு உண்ட சீனியினால் கேடு குறைவு; இடைவேளைகளில் உண்ட ஒட்டும் இனிப்பினால் கேடு மிக அதிகம். இதன் பின்னரே அந்நாட்டில் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமையில் மாத்திரம் இனிப்பு வழங்கும் வழக்கம் பரவியது. பிறருடைய பல்லைப் பலியிட்டுப் பெற்ற அறிவு இது. அதை அறிந்த பின்னரும் நமது பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஐந்து தடவை டொபி கொடுப்பதற்கு நம்மிடம் என்ன நியாயம் இருக்கிறது?

இனி, கனியத்தைத் திருப்பிக் கொடுக்கும் பொருட்களைப் பார்ப்போம். இவற்றுள் மூத்ததும் நம்பகமானதும் புளோரைட்தான். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மக்கள் சிலருடைய பற்களில் பழுப்பு நிறக் கறை இருந்ததையும், அத்தகைய பற்களில் சூத்தை குறைவாக இருந்ததையும் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பல் வைத்தியர்கள் கவனித்தனர். குடிநீரிலுள்ள புளோரைட்டே காரணம் என்பது 1931இல் தெரியவந்தது. கரைந்த எனாமல் மீண்டும் படியும்போது சிறிதளவு புளோரைட் அருகிலிருந்தால், புதிதாகப் படியும் பளிங்கு முன்னையதைவிட அமிலத்துக்கு ஈடுகொடுக்கும். பிற பொருட்கள் யாவும் இதற்குத் துணையாக வருபவை. இதன் இடத்தைப் பிடித்துவிட்டவை அல்ல.

அடுத்தது கண்ணாடி. ஆம், கண்ணாடியேதான். 1967இல் லெரி ஹென்ச் என்னும் அமெரிக்க விஞ்ஞானி ஒரு மாநாட்டுக்குச் செல்லும் பேருந்தில், வியட்நாம் போரிலிருந்து திரும்பியிருந்த இராணுவ அதிகாரி ஒருவரின் அருகில் அமர்ந்தார். கையும் காலும் இழந்தவர்களின் உடல் ஏற்றுக்கொள்ளும் பொருளொன்றைச் செய்ய முடியாதா என்று அந்த அதிகாரி கேட்டாராம். 1969இல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் ஹென்ச் உருவாக்கிய கண்ணாடி, எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொண்டது. சிலிக்கா, சோடியம், கல்சியம், பொஸ்பரஸ் ஆகியவை சேர்ந்த அதன் நுண்துகள் உமிழ்நீரில் பட்டதும் கல்சியத்தையும் பொஸ்பேட்டையும் வெளிவிட்டு, பல்லின் மேல் எனாமலை ஒத்த ஒரு படலமாகப் படிகிறது. நொவாமின் என்ற பெயரில் இது பற்பசைகளிலும் சேர்க்கப்பட்டது. குளிர்நீர் பட்டால் கூசும் பற்களுக்கு இது பயனளிக்கிறது. சூத்தையைத் தடுப்பதில் புளோரைட்டுக்கு இருக்கும் அளவு சான்று இதற்கு இன்னும் திரளவில்லை.

அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் எரிக் ரெனோல்ட்ஸ் என்பவரின் குழுவினர் பாலிலுள்ள கேசின் என்னும் புரதத்திலிருந்து, கல்சியத்தையும் பொஸ்பேட்டையும் ஏந்திச் செல்லும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். வெண்புள்ளிகளின் மேல் அது களிம்பாகப் பூசப்படுகிறது. பாற்புரதம் ஒவ்வாதவர்கள் அதனைத் தொடலாகாது. ஜப்பானிலோ எனாமலின் கனியத்தையே ஆய்வுகூடத்தில் செய்து பற்பசையில் கலந்து 1980 முதல் விற்பனை செய்து வருகின்றனர். இவையெல்லாம் விலை கூடிய இறக்குமதிப் பொருட்கள். வசதியுள்ளவர் பல் வைத்தியரின் ஆலோசனையோடு வாங்கட்டும். வசதியற்றவர், பிள்ளைக்கு நல்லது கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. குறைந்தது 1000 பிபிஎம் புளோரைட் உள்ளதென்று உறையில் அச்சிடப்பட்ட சாதாரணப் பற்பசை நமது கடைகளிலேயே இருக்கிறது. மூலிகைப் பசைகள் சிலவற்றில் புளோரைட் இல்லை. உறையைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். கரியும் செங்கற்பொடியும் எனாமலைத் தேய்க்குமேயன்றி வளர்க்கா.

நமது தோட்டப்புறங்களுக்கு எல்லாவற்றிலும் பொருத்தமானது என்று நான் கருதுவது வேறொன்று. அதன் பெயர் கிளாஸ் அயனோமர் சீமெந்து. லண்டனில் அலன் வில்சன், பிரையன் கென்ட் என்ற இருவர் கண்டுபிடித்து 1972இல் உலகுக்கு அறிவித்தனர். புளோரைட் கலந்த கண்ணாடித் தூளை ஒரு மென்மையான அமிலத்தோடு குழைத்துப் பல்லில் வைத்தால், அது பல்லின் கல்சியத்தோடு தானாகவே ஒட்டிக்கொள்ளும். பின்னர் சிறிது சிறிதாகப் புளோரைட்டை வெளியிட்டுக்கொண்டேயிருக்கும். புளோரைட் பசையால் பல் துலக்கும்போது அதனை மீண்டும் தன்னுள் சேமித்துக்கொள்ளும். 1980களின் நடுப்பகுதியில் ஆபிரிக்காவின் தன்சானியாவில் பணியாற்றிய ஜோ பிரென்கன் என்ற ஒல்லாந்துப் பல் வைத்தியர், மின்சாரமும் துளையிடும் இயந்திரமும் இல்லாமல், கைக்கருவியால் சூத்தையைச் சுரண்டி எடுத்துப் பல்லை அடைக்கும் முறையொன்றைத் தொடங்கினார். அதற்கு மிகப் பொருத்தமான பொருளாக இந்தச் சீமெந்தே அமைந்தது. ஊசியும் பெரும்பாலும் தேவையில்லை. இயந்திரத்தின் இரைச்சலும் இல்லை. ஆறு வயதுப் பல்லின் ஆழமான வெடிப்புகளைச் சூத்தை வருமுன்னரே இதனால் மூடிவிடவும் முடியும். பாடசாலை மேசையொன்றும் நல்ல வெளிச்சமும் பயிற்சி பெற்ற கையும் இருந்தால் மடுல்சீமை மலையிலும் இதனைச் செய்யலாம்.

2021இல் உலக சுகாதார நிறுவனம் தனது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் பற்களுக்கென மூன்று பொருட்களைச் சேர்த்தது. புளோரைட் பற்பசை, இந்தக் கிளாஸ் அயனோமர் சீமெந்து, சில்வர் டயமைன் புளோரைட் என்னும் திரவம் ஆகியவையே அவை. மூன்றாவது திரவத்தைச் சூத்தையின் மேல் தடவினால் அது மேலும் பரவாமல் நிற்கும். ஆனால் அந்த இடம் கறுத்துவிடும். கறுத்தாலும் வலியின்றி நிற்கும் பாற்பல் மேலானதா, வெளுத்திருந்து வலிக்கும் பல் மேலானதா என்பதைப் பெற்றோர் பல் வைத்தியரோடு பேசித் தீர்மானிக்கலாம்.

இளைஞர்கள் சிலர் ஹலாலைப் பற்றிக் கேட்கின்றனர். கேட்க வேண்டிய கேள்விதான். புளோரைட்டும் கண்ணாடியும் கனியப் பொருட்கள். அவற்றில் சிக்கல் இல்லை. பசைகளில் சேரும் கிளிசரின் தாவரத்திலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும். பாற்புரதத்தைப் பிரிக்கும் நொதியின் மூலத்தையும் உற்பத்தியாளரிடம் கேட்டறியலாம். பல் பிடுங்கிய குழியில் வைக்கப்படும் எலும்புத் துகள்களில் மாட்டெலும்பு, பன்றியெலும்பு ஆகிய இருவகையும் சந்தையில் உண்டு. சிகிச்சைக்கு முன்னரே வைத்தியரிடம் கேட்டால் அவர் சொல்லிவிடுவார். முற்றாக உருமாறிய பொருளின் சட்டம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. உங்கள் ஊர் ஆலிமிடம் தெளிவு பெறுங்கள். ஐயத்தைக் காரணம் காட்டிப் பிள்ளையின் பல்லைச் சூத்தைக்கு விட்டுக்கொடுப்பது மட்டும் பேணுதல் ஆகாது.

மிஸ்வாக் பற்றியும் ஒரு வார்த்தை. உகாய் மரத்தின் வேரும் கிளையும் பல்லில் படியும் அழுக்கை நன்கு நீக்குகின்றன. பக்டீரியாவைத் தடுக்கும் பொருட்களும் அதில் இருக்கின்றன. அதிலுள்ள புளோரைட்டோ மிகச் சொற்பம். ஆகவே மிஸ்வாக் செய்பவருக்கும் இரவில் புளோரைட் பசை தேவை. விஞ்ஞானம் கண்டவை அனைத்தும் மிஸ்வாக்கினுள் அடங்கிவிட்டன என்று மேடைகளில் பேசுவதை நான் விரும்புவதில்லை. ஸுன்னத்தின் மதிப்பு அத்தகைய கூற்றுகளில் தங்கியிருக்கவில்லை.

வுழூவோடு தொடர்புடைய ஒரு நுட்பத்தைப் பலர் கவனிப்பதில்லை. பசையால் துலக்கிய பின் நுரையைத் துப்பிவிட்டு, நிறையத் தண்ணீரால் கொப்பளிக்காமல் விட்டுவிட வேண்டும் என்றே பல் வைத்தியர்கள் அறிவுறுத்துகின்றனர். கொப்பளித்தால் புளோரைட் கழுவப்பட்டுவிடும். நாமோ பல் துலக்கியதும் வுழூச் செய்து மூன்று முறை வாய் கொப்பளிக்கின்றோம். வுழூவுடன் உறங்க விரும்புபவர் முதலில் வுழூச் செய்துவிட்டு, இறுதியாகப் பசையால் துலக்கித் துப்பிவிட்டுப் படுக்கலாம். துலக்கும்போது முரசிலிருந்து சிறிது இரத்தம் கசிந்தாலும் ஷாபிஈ மத்ஹபில் வுழூ முறியாது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுவதால் இரவில் துலக்குவதே எல்லாவற்றிலும் முதன்மையானது. சீனி கலந்த பாலைச் சூப்பிப் போத்தலில் நிரப்பிக் குழந்தையின் வாயில் வைத்து உறங்க விடும் தாய்மார், மேல் முன்பற்கள் கரைந்துபோவதற்குத் தாமே வழிசெய்கின்றனர்.

நோன்பு காலத்தில் ஸஹருக்குப் பின் இனிப்புத் தேநீர் அருந்திவிட்டு, ஸுப்ஹு தொழுது அப்படியே உறங்குபவர் பலர். பகல் முழுவதும் வாய் உலர்ந்திருக்கும். ஷாபிஈ மத்ஹபின்படி நோன்பாளி நண்பகலுக்குப் பின் மிஸ்வாக் செய்வது மக்ரூஹ் என்பதை நாம் அறிவோம். ஆகவேதான் ஸஹர் முடிவதற்கு முன் ஐந்து நிமிடங்களை ஒதுக்கிப் பசையால் துலக்குவது அவசியம். தராவீஹ் முடிந்து வீடு வந்த பின் பலகாரம் எடுக்கும் வீடுகளில், அதற்குப் பின்னும் ஒரு தடவை துலக்க வேண்டும்.

நமது ஊவா மாகாணத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பதுளை மாவட்டத்தின் ஈரமான மலைப்பகுதிகளில் ஊற்று நீரில் புளோரைட் குறைவு. கீழே இறங்கி மொனராகலை மாவட்டத்தின் வரண்ட பகுதிகளுக்குச் சென்றால், கிணற்று நீரில் அது மிகுந்து பிள்ளைகளின் பற்களில் வெண் திட்டும் பழுப்புக் கறையும் விழும் இடங்கள் இருக்கின்றன. ஒரே மாகாணத்தில் ஒரு பக்கம் பற்றாக்குறை, மறுபக்கம் மிகை! வெல்லவாயப் பக்கம் உறவினர் உள்ளவர்கள் கிணற்று நீரைப் பரிசோதிக்கச் செய்து, மிகையாக இருந்தால் பிள்ளைகளுக்கு வேறு நீரைக் குடிக்கக் கொடுக்க வேண்டும். பசையைப் பொறுத்தவரை எங்கிருந்தாலும் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஓர் அரிசி மணியளவும், மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணியளவும் போதும். விழுங்காமல் துப்புகிறதா என்று பெரியவர் ஒருவர் அருகில் நின்று பார்க்க வேண்டும்.

இறுதியாக, கடை வைத்திருக்கும் நமது சகோதரர்களிடம் பேச வேண்டியிருக்கிறது. தோட்டத்து பஸார்களில் கணிசமான கடைகள் நம்மவர்களுடையவை. கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளை சில்லறையோடு வந்து நிற்கும்போது அதன் கண்மட்டத்தில் நாம் எதனைத் தொங்கவிட்டிருக்கின்றோம்? டொபிச் சரத்தைச் சற்று உயரத்தில் மாட்டிவிட்டு, கடலையையும் வாழைப்பழத்தையும் முன்னால் வைப்பதால் வியாபாரம் முடங்கிவிடாது. சிறிய புளோரைட் பசையையும் பிள்ளைகளுக்கான தூரிகையையும் அதே இடத்தில் வைக்கலாம். அண்டை அயலாரின் உரிமையைப் பற்றி ஜும்ஆவில் கேட்கின்றோம். லயத்துப் பிள்ளையும் நமது அயல்தான்.

1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்தின் உதவியோடு மஹரகமவில் தொடங்கிய பயிற்சியின் பயனாக, மூன்று முதல் பதின்மூன்று வயது வரையான பிள்ளைகளுக்கு இலவசமாகச் சிகிச்சையளிக்கும் பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் நாடெங்கும் பணியாற்றுகின்றனர். உங்கள் பிள்ளையின் பாடசாலை எந்த நிலையத்தோடு இணைக்கப்பட்டுள்ளது என்று அதிபரிடம் கேளுங்கள். தொலைவான தோட்டப் பாடசாலைகளுக்கு அவர்கள் வரும் நாளில் வாகனமும் தங்குமிடமும் ஏற்பாடு செய்து கொடுப்பது பள்ளிவாசல் நிருவாகங்களும் இளைஞர் அமைப்புகளும் எளிதாகச் செய்யக்கூடிய பணி. இன்றிரவு இஷாவுக்குப் பின் பிள்ளையை மடியில் சாய்த்து, உதட்டை உயர்த்தி, டோர்ச் வெளிச்சத்தில் முரசோரத்தில் வெண்புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். ஆறு வயதைத் தொட்டவராயின், வரிசையின் கடைசியில் புதிய பல் முளைத்திருக்கிறதா என்பதையும் விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.